பதிவாளர் நோட்டீஸ் வந்துவிட்டது, காணிக்கையைப் பாஸ்டரின் ஜிபே நம்பருக்கு மாற்றலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சுயாதீன சபையின் செயலாளர் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நான்கு பக்கக் கடிதம், அழகான கையெழுத்து. ஊர் பேர் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

"வக்கீலம்மா, எங்கள் சபை 1986-ல் சங்கமாகப் பதிவானது. இன்று 400 குடும்பம். ஒரு சிறுவர் இல்லம் நடத்துகிறோம். அதற்கு வெளிநாட்டு உதவி வந்துகொண்டிருந்தது, அந்தப் பதிவைப் புதுப்பிக்க டெல்லி மறுத்துவிட்டது. அந்தக் கவலை தீருமுன் மாவட்டப் பதிவாளர் 36-ஆவது பிரிவில் விசாரணை நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். புகார் கொடுத்தது 11 பேர்தான். 400 குடும்பத்தில் 11 பேர் எப்படி மூன்றில் ஒரு பங்கு ஆவார்கள்? பாஸ்டர் 'இராயனுக்கு நாம் கணக்குக் காட்டவேண்டியதில்லை' என்கிறார், அரசாங்கத்தைத்தான் இராயன் என்கிறார். அக்கவுண்ட்டை முடக்கிவிடுவார்கள் என்று பயந்து, அடுத்த மாதம் முதல் காணிக்கையைத் தன் ஜிபே நம்பருக்கே போடும்படி அறிவிக்கப்போகிறார். கமிட்டியின் காலம் போன வருடமே முடிந்துவிட்டது, பிரச்சினை ஓயட்டும் என்று தேர்தலைத் தள்ளிவைத்திருக்கிறோம். புகார் கொடுத்தவர்களில் மூன்று பேரைச் சபை நீக்கம் செய்து ஆராதனையிலேயே அறிவித்தாயிற்று. மினிட் புக்கில் ஏழெட்டு மாதம் எழுதவில்லை, இப்போது எழுதி நிரப்பலாமா? அரசை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி உண்டா?"

சார், ரிட் போட வழி உண்டா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் எழுதியிருப்பதை எல்லாம் படித்தபோது, அரசாங்கம் உங்களுக்குச் செய்ததைவிட நீங்கள் உங்களுக்கே செய்துகொள்ளப்போவதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள்.

முதலில் அந்த 11 கணக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் 36-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பதிவாளர் தானாகவே விசாரிக்கலாம், கமிட்டியில் பெரும்பான்மையோர் கேட்டால் விசாரிக்கலாம், கலெக்டர் சொன்னால் விசாரிக்கலாம், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனு கொடுத்தாலும் விசாரிக்கலாம். உறுப்பினர் என்றால் யார்? ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இல்லை. சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பேர் இருப்பவர்தான் உறுப்பினர். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த பதிவேட்டு நகலை எண்ணிப் பார்த்தேன், 31 பேர். 1986-ல் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள், அவர்களுக்குப் பின் அவர்கள் பிள்ளைகள், நடுவில் வந்த இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆயிரம் பேர் இருக்கலாம், திருமணப் பதிவேடு மூன்றாவது வால்யூமுக்குப் போயிருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் சபை 31 பேர் கொண்ட ஒரு சங்கம். 31-ல் 11 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே வருகிறது. அந்த 11 பேருக்கு யாரோ விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், சந்தேகமே வேண்டாம்.

இதைப் படித்தவுடன் உங்கள் கமிட்டியில் யாராவது ஒருவர், அப்படியானால் ஒரே வாரத்தில் 300 பேரை உறுப்பினராகச் சேர்த்து அவர்களைச் சிறுபான்மை ஆக்கிவிடலாமே என்று சொல்வார். நிச்சயம் சொல்வார், எல்லாச் சபையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். மனு கொடுத்த நாளில் எத்தனை உறுப்பினர் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதோடு நோட்டீஸ் வந்த மறுவாரம் சேர்த்த 300 பேரைப் பார்த்தால் பதிவாளருக்கு மட்டுமில்லை, நாளைக்கு நீதிபதிக்கும் சிரிப்பு வரும். உறுப்பினரைச் சேர்க்கத்தான் வேண்டும், நாற்பது வருடமாகச் சேர்க்காமல் விட்டதுதான் உங்கள் மூல வியாதி. ஆனால் அதைத் துணை விதியில் சொல்லியிருக்கும் முறைப்படி, விண்ணப்பம் வாங்கி, சந்தா ரசீது போட்டு, புகார்தாரர்களின் வீட்டுப் பிள்ளைகளையும் ஒதுக்காமல் செய்யவேண்டும்.

அரசாங்கம் சபைக்குள் நுழைகிறது, நுழைகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது தானாக நுழைந்ததை நான் அதிகம் பார்க்கவில்லை, உள்ளே இருக்கிற யாரோ ஒருவர் மனம் வெறுத்துப் பின்வாசல் கொண்டியை எடுத்துவிடுகிறார். இதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன். நம் ஊர் இல்லை, அமெரிக்கா. சட்டக் கல்லூரி நாளிலிருந்தே எனக்கு இந்த வழக்கின் மேல் ஒரு கண்.

வேர்ல்ட்வைட் சர்ச் ஆஃப் காட் என்று ஒரு சபை, தலைமையகம் கலிபோர்னியாவில் பாசடீனா. நிறுவனர் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங். சொந்தக் கல்லூரி, பெரிய அரங்கம், இலவசமாக அனுப்பும் பத்திரிகை என்று அந்தக் காலத்திலேயே பல கோடி டாலர் புழங்கிய இடம். 1979 ஜனவரி 3-ஆம் தேதி, சபைக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், கோர்ட்டு நியமித்த ரிசீவர், அதாவது சொத்தையும் நிர்வாகத்தையும் கையில் எடுத்துக்கொள்கிறவர், வந்து இறங்கிவிட்டார். ஸ்டீவன் வைஸ்மன் என்ற ஓய்வு பெற்ற நீதிபதி. வழக்குப் போட்டது மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வக்கீல், அலுவலகம், ஆனால் அதன் பின்னால் இருந்தவர்கள் அந்தச் சபையோடு மனக்கசப்பில் இருந்த ஆறு பேர். சபைப் பணத்தைத் தலைவர்கள் தங்கள் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அங்கே ஆறு பேர், உங்களுக்கு 11 பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். 86 வயது ஆம்ஸ்ட்ராங் அப்போது அரிசோனாவில் டூசான் என்ற ஊரில் இருந்தார், அதாவது கலிபோர்னியா கோர்ட்டின் எல்லைக்கு வெளியே. ரிசீவர் சபையின் மூத்த ஊழியர் ஒருவரைத் தற்காலிகப் பொறுப்பில் வைத்தார். ஆம்ஸ்ட்ராங் டூசானில் இருந்தபடியே அவரைத் தூக்கிவிட்டு வேறு ஆட்களைப் போட்டார். ஆக, ஒரே அலுவலகத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு எஜமான், எந்த உத்தரவைக் கேட்பது என்று சம்பளம் வாங்குகிறவர்கள் முழித்தார்கள். விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து நிர்வாகக் கட்டடத்துக்குள் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள், அது செய்தியானது. ஆம்ஸ்ட்ராங் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்: தசமபாகத்தை இனி பாசடீனாவுக்கு அனுப்பாதீர்கள், டூசானில் என் முகவரிக்கு அனுப்புங்கள்.

உங்கள் பாஸ்டர் ஜிபே நம்பர் கொடுக்கப் போகிறாரே, அதுவும் இதுவும் ஒன்றுதான் சார். தபால் போய் போன் வந்திருக்கிறது.

கடைசியில் அந்தச் சபை தப்பித்துவிட்டதே என்று கேட்பீர்கள். தப்பித்தது, உண்மைதான். 1980-ல் கலிபோர்னியா சட்டசபையில் நிக்கோலஸ் பெட்ரிஸ் என்ற செனட்டர் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, மத அமைப்புகள் மீது அட்டர்னி ஜெனரலுக்கு இருந்த அந்த அதிகாரத்தையே சுருக்கிவிட்டது. அதோடு அரசும் வழக்கைக் கைவிட்டது. ஆனால் இதில் கணக்கு சரி என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. சட்டம் மாறியதால் தப்பித்தார்கள், கணக்கைக் காட்டி இல்லை. உங்களுக்காகச் சென்னையில் யாரும் மசோதா கொண்டுவரப்போவதில்லை. டூசானுக்குப் பணத்தைத் திருப்பியது பக்தர்களுக்கு வீரமாகத் தெரிந்திருக்கும், ஆனால் பணம் ஒரு மனிதனின் கைக்குப் போகிறது என்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட வசதியான ஒன்று கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். காணிக்கை பாஸ்டரின் சொந்தக் கணக்கில் விழுந்தால் என்ன ஆகும்? பதிவாளரைக் கூட விடுங்கள். வருமான வரிக்காரர் பார்வையில் அது பாஸ்டரின் வருமானம். சபைக்கு என்று கொடுத்ததை என் கணக்கில் வாங்கி வைத்திருந்தேன் என்று அவர் சொன்னால், புகார் கொடுத்த 11 பேரில் ஒருவர் நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் நம்பிக்கை மோசடி என்று எழுதிக் கொடுப்பார், பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆவது பிரிவு. இன்றைக்கு உங்கள் மேல் இருப்பது ஒரு சாதாரண நிர்வாக விசாரணை. அதை ஒரே அறிவிப்பில், ஒரே க்யூஆர் அட்டையில், கிரிமினல் வழக்காக நீங்களே மாற்றிக் கொடுக்கிறீர்கள். பாஸ்டர் நல்லவர் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். நல்லவரைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன், அந்தப் பணம் அவர் போன் பக்கம்கூடப் போகக்கூடாது. பவுல் அப்போஸ்தலனே காணிக்கையைத் தனியாளாக எடுத்துக்கொண்டு போகவில்லை, கூட ஆள் சேர்த்துக்கொண்டுதான் போனார்; பாஸ்டருக்கு நான் வேதம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. ஆனால் 36-ஆவது பிரிவு நோட்டீஸ் வந்த உடனே கணக்கு முடங்கிவிடாது. விசாரணையில் பதிவாளர் ஆட்களை அழைக்கலாம், ஏடுகளைக் கேட்கலாம். நீங்கள் ஏடுகளைக் கொடுக்காமல், கமிட்டியும் சட்டப்படி இல்லாமல், பணமும் எங்கேயோ போகிறது என்ற நிலை வந்தால்தான் அடுத்த படி, அரசு 34-அ பிரிவில் கமிட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தனி அலுவலரைப் போடுவது. அதற்கும் உங்களிடம் விளக்கம் கேட்காமல் போட முடியாது. கோர்ட்டு ரிசீவரைப் போட்டால் அவருடைய சம்பளமும் சபைப் பணத்திலிருந்துதான், அதையும் மறக்கவேண்டாம்.

மினிட் புக். இதில்தான் எனக்குக் கை நடுங்குகிறது. எழுதாமல் விட்ட மாதங்களை இப்போது எழுதி நிரப்பலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. ஒரு வரிகூடக் கூடாது. பல வருடங்களுக்கு முன் ஒரு சபை வழக்கில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள், நான் அவர்கள் பக்கம்தான் நின்றேன்) மினிட் புக்கை எனக்குக் கொடுத்தார்கள். நீல மை, நல்ல கையெழுத்து, அடியில் எல்லார் கையெழுத்தும் இருந்தது. 2016 மார்ச் மாதத் தேதியிட்ட ஒரு தீர்மானம். அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தை எண்ணி பொருளாளரிடம் ஒப்படைத்ததாக எழுதி, பாவம், ரொம்ப ஒழுங்காக எந்த நோட்டு எத்தனை என்றும் எழுதியிருந்தார்கள். அதில் 2000 ரூபாய் நோட்டு 14. அந்த நோட்டு நாட்டில் வந்ததே 2016 நவம்பரில்! எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார், வாயைக்கூடத் திறக்கவில்லை. பணம் சரியாகத்தான் இருந்தது, ஒரு பைசா யாரும் எடுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தச் சபையின் எந்த ஏட்டையும் நீதிபதி நம்பவில்லை.

அதனால் விட்ட மாதங்கள் விட்டதாகவே இருக்கட்டும். இன்றைய தேதியில் கமிட்டியைக் கூட்டி, இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை நடவடிக்கைக் குறிப்பு எழுதப்படவில்லை, அந்தக் காலத்தில் நடந்த செலவுகளுக்கு வவுச்சர்களும் வங்கி அறிக்கையும் இன்னின்ன இருக்கின்றன, அவற்றைப் பரிசீலித்து இன்று பதிவு செய்கிறோம் என்று தீர்மானம் போடுங்கள். கேட்க அசிங்கமாக இருக்கும். தவறை ஒப்புக்கொண்ட ஏட்டைக் கோர்ட்டு மன்னிக்கும், சோடித்த ஏட்டை மன்னிக்காது.

ஏலம் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் சபையிலும் அறுப்பின் பண்டிகை ஏலம் பெரிதாக நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சேவலை 6000 ரூபாய்க்குக் கேட்கிறார் ஒருவர், கைதட்டுகிறார்கள், சேவலைத் தூக்கிக்கொண்டு போகிறார், பணம் அடுத்த சம்பளத்துக்குத் தருகிறேன் என்கிறார். ஏல நோட்டில் 6000 வரவு, பெட்டியில் பூஜ்யம். இப்படி இருபது பேர் பாக்கி. புகார் மனுவில் 'பண்டிகைப் பணம் காணவில்லை' என்று இருக்கிறதே, அது அநேகமாக இந்தச் சேவல்தான். பாக்கிப் பட்டியல் ஒன்று போட்டுப் பதிவாளர் முன் வையுங்கள், குற்றச்சாட்டில் பாதி கரைந்துவிடும். ஞாயிறு காணிக்கையை வெஸ்ட்ரியில் எண்ணும்போது பாஸ்டர் இல்லாமல் மூன்று பேர், அதில் ஒருவர் புகார்தாரர் தரப்பிலிருந்து, எண்ணி முடித்தவுடன் அங்கேயே நோட்டில் கையெழுத்து, திங்கட்கிழமை காலை பேங்க். உண்டியலில் பேர் இல்லாமல் விழும் காணிக்கையைப் பற்றிப் பயப்படாதீர்கள், முழுக்க மத நோக்கமுள்ள அமைப்பு என்றால் வரிச் சட்டமே அதை விட்டுவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று பேர் இல்லாமல் வாங்கினால்தான் 30 சதவீதம் வரி என்று வரும். உங்கள் ஆடிட்டரிடம் சிறுவர் இல்லத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேர்தல். சங்கச் சட்டப்படி ஒரு கமிட்டியின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருடம். அதே ஆட்கள் மறுபடி வரலாம், தடையில்லை; ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டு வரவேண்டும். பிரச்சினை முடியட்டும் என்று தள்ளிவைத்தோம் என்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் ரிட் போடும்போது வக்காலத்தில் செயலாளர் என்று கையெழுத்துப் போடுவது யார்? நீங்கள்தானே? அரசு வக்கீல் எழுந்து முதலில் கேட்பது, மனுதாரரின் பதவிக்காலம் எப்போது முடிந்தது என்பதைத்தான். வழக்கின் தகுதிக்குள் போகாமலே கதை முடிந்துவிடும். சண்டை நடக்கிற நேரத்தில்தான் தேர்தலைக் கட்டாயம் நடத்தவேண்டும். பழைய 31 பேரை வைத்தே நடத்துங்கள், வெளியில் இருந்து ஒரு வக்கீலையோ ஓய்வு பெற்ற அதிகாரியையோ தேர்தல் அலுவலராகப் போடுங்கள், நோட்டீஸைப் பதிவுத் தபாலில் 31 பேருக்கும் அனுப்புங்கள், அந்த 11 பேருக்கும் சேர்த்து, ஒப்புகை அட்டைகளைப் பத்திரமாக வையுங்கள். முடிந்தவுடன் புதிய கமிட்டி விவரம் சொல்லும் படிவம் 7-ஐ மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும்.

இந்தப் படிவம் 7 விஷயத்தில் நம் பக்கத்துத் தீர்ப்பே ஒன்று இருக்கிறது. கரிசல் என்ற ஊரில் சி.எம்.எஸ். பேரில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் குழு, சேரன்மகாதேவி மாவட்டப் பதிவாளருக்கு எதிராகப் போட்ட வழக்கு, 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பதிவாளர் மேலோட்டமாக விசாரிக்கலாமே தவிர, இரண்டு தரப்பு நாங்கள்தான் நிர்வாகம் என்று நின்றால் யார் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதைத் தீர்ப்பது சிவில் கோர்ட்டின் வேலை. இது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் தேர்தலே நடத்தாதவருக்கு இந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

சபை நீக்கம் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் பாஸ்டருக்குக் கோபம் வரலாம். ஒருவரை ஆன்மிக ரீதியாக விலக்கி வைப்பது ஒரு மதப் பிரிவின் உரிமையா என்பது பழைய கேள்வி. 1962-ல் தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவின் தலைவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஒப்புக்கொண்டு பம்பாய் மாகாணச் சட்டத்தையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பையே மறுபடி பார்க்கவேண்டும் என்று 2023-ல் அரசியல் சாசன அமர்வு பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டது. அது எப்படியும் போகட்டும். இராப்போஜனம் கொடுக்கமாட்டோம் என்பது ஒன்று, சங்க உறுப்பினர் பதிவேட்டிலிருந்து பேரை அடிப்பது வேறொன்று. இரண்டாவதற்கு நோட்டீஸ், பதில் சொல்ல நாள், விசாரணை, தீர்மானம் எல்லாம் வேண்டும். பிரசங்கம் முடிந்து அறிவிப்பு நேரத்தில், அசனத்துக்கு அரிசி கொடுத்தவர்கள் பட்டியலுக்கும் கல்யாண ஓலைக்கும் நடுவில் மூன்று பேர் பேரைப் படித்துவிட்டால் அவர்கள் உறுப்பினர் இல்லை என்று ஆகிவிடாது. அதுவும் அரசிடம் புகார் கொடுத்தார்கள் என்பதே காரணம் என்றால், பதிவாளருக்கு எழுதிய பதிலில் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. கமிட்டி கூடி அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். கூடவே அந்த மூன்று பேரையும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், சார். நீங்களே போங்கள், அதில் இரண்டு பேர் உங்கள் பழைய மாணவர்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே. கணக்கைக் கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்று அவர்களிடம் கேளுங்கள். மூன்று வருடம் கேட்டும் யாரும் கணக்கைக் காட்டாததால் போனார்கள் என்று சொல்வார்கள் என்று நினைக்கிறேன், பார்த்தவரைக்கும் எல்லா இடத்திலும் அதுதான் கதை. பெரிய சபைகளிலும் இதே நிலைதான். தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை நிர்வாகத்துக்கு 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாகப் போட்டதே, அதுவும் சபையார் கோர்ட்டுக்குப் போனதால் வந்ததுதான், அரசாங்கம் போட்ட வழக்கில் இல்லை.

சிறுவர் இல்லத்தின் வெளிநாட்டுப் பணம் தனி விஷயம், இதைப் பதிவாளர் விஷயத்தோடு குழப்பாதீர்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு புதுப்பிக்கப்படவில்லை என்றால் புதிதாக வாங்கவும் கூடாது, அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதைச் செலவழிக்கவும் கூடாது. பிள்ளைகளுக்குச் சோறு போடத்தானே என்றாலும் கூடாது. மறுப்பு உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மத்திய அரசிடமே மறுஆய்வு மனு போடலாம், அதை உடனே செய்யுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்குவது அடிப்படை உரிமை என்று வாதாடலாம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பவேண்டாம், 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. அதுவரைக்கும் உள்ளூர்ப் பணத்தில் இல்லத்தை ஓட்டவேண்டும். வளைகுடாவில் வேலை செய்யும் உங்கள் சபைப் பிள்ளைகள் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருந்தாலும் வெளிநாட்டவர்தான். அவர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகவே கவரில் போட்டுக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணம். இந்தக் கவரில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

இப்போது ரிட். அரசியல் சாசனத்தின் 26-ஆவது பிரிவு உங்களுக்கு என்ன தருகிறது என்று பாஸ்டரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மத விஷயங்களை நீங்களே நடத்திக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. சொத்து நிர்வாகத்தைச் சொல்லும்போது மட்டும் 'சட்டப்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறது. 1954-ல் ஷிரூர் மடம் வழக்கு, நம் மாகாண அறநிலையத் துறையை எதிர்த்து ஒரு மடாதிபதி போட்டது, இன்றுவரை எல்லா மதத்தாரும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். யார் பிரசங்கம் செய்வது, எப்படி ஞானஸ்நானம், யார் போதகர் என்பதில் அரசு கைவைக்க முடியாது. சொத்தையும் பணத்தையும் நிர்வகிப்பதைச் சட்டத்தின் மூலம் ஒழுங்குபடுத்தலாம். அதே வருடம் வந்த இன்னொரு தீர்ப்பு, அந்த நிர்வாகத்தையே மொத்தமாகப் பிடுங்கி வேறு கையில் கொடுத்துவிட முடியாது என்றது. அதனால் இராயனுக்குக் கணக்குக் காட்டவேண்டியதில்லை என்ற வாதம் கோர்ட்டில் நிற்காது. சங்கமாகப் பதிவு செய்துகொண்டதே இராயனின் அலுவலகத்தில்தானே.

விசாரணை நோட்டீஸையே ரத்து செய்யச் சொல்லி இன்றைக்கு ரிட் போட்டால், நோட்டீஸ்தானே, போய்ப் பதில் சொல்லுங்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். பீஸ் வாங்கிக்கொண்டு நானும் போட்டுத் தரலாம், மனசு ஒப்பவில்லை. பதிவாளர் விசாரணை என்ற பேரில் உங்கள் உபதேசத்துக்குள்ளோ போதகர் நியமனத்துக்குள்ளோ போனால், அல்லது உங்களைக் கேட்காமல் முடிவு எழுதினால், அன்றைக்கு ரிட் போடுவோம், அன்றைக்கு 26-ஆவது பிரிவைக் கையில் எடுப்போம்.

வாட்ஸாப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்டர் சபைக் குழுவில் போட்ட ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை நீங்கள் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அது இந்நேரம் பதிவாளர் அலுவலகத்துக்கும் போயிருக்கும். இனிமேல் வழக்கைப் பற்றிப் பேச மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு, அதற்கு ஒரு தீர்மானம், அவர்கள் எழுத்தில் சொல்வது மட்டும்தான் சபையின் பேச்சு. பாஸ்டர் ஜெபிக்கட்டும், பிரசங்கிக்கட்டும்.

நோட்டீஸில் ஆஜராகவேண்டிய தேதி 18 என்று இருக்கிறது. போகும்போது உறுப்பினர் பதிவேடு, துணை விதி, கடைசி மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, பேங்க் பாஸ்புக், அந்த மினிட் புக் (இருக்கிற நிலையிலேயே) எடுத்துக்கொண்டு போங்கள். அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஏடுகளைத் தயார் செய்ய நேரம் போதாவிட்டால் 15 நாள் கேட்டு எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். நோட்டீஸின் முன்பக்கத்தை மட்டும்தான் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். குற்றச்சாட்டுகள் பின்பக்கத்தில்தான் இருக்கும், அதையும் அனுப்புங்கள்.